சேலம் – சென்னை: ஒரு மணி நேரம் யாருக்கு?

சேலத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்? ஆளுக்கொரு பதில் வரும். லாரி டிரைவரைக் கேட்டால் 340 கிலோமீட்டர் என்பார். ரயில்வே கணக்கில் 334. விமான டிக்கட் விற்பவரைக் கேளுங்கள். அவர் கிலோமீட்டரே பேசமாட்டார். “ஒரு மணி நேரம்!” என்பார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். “நமக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று பஞ்சாலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளித் தோழர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது. விமானம் இறங்குகிற நிலம் உழுது பயிரிட்ட நிலம். அது பறப்பதற்காகக் கம்பெனிக்குக் கொடுக்கும் மானியத்தில் நாம் கட்டிய வரியும் சேர்ந்திருக்கிறது. ஏறி உட்காருவதற்கு மட்டும்தான் நம்மிடம் காசு இல்லை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சேலம் விமான நிலையம் சேலம் நகரத்தில் இல்லை. நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கிறது. தேசப்படத்தை விரித்துக் காமலாபுரத்தின்மேல் ஒரு நூலை வைத்து, மறு முனையைச் சென்னை மீனம்பாக்கத்தில் இழுத்துப் பிடித்தால் நூலின் நீளம் சுமார் 265 கிலோமீட்டர் வரும். சேர்வராயன் மலைப் பக்கமாகக் கிளம்பி, சித்தேரி மலையைத் தாண்டி, திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் நடுவில் புகுந்து, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே போய் அந்த நூல் மீனம்பாக்கத்தைத் தொடும். ரயில் அப்படிப் போக முடியாது. மலையைச் சுற்றி வடக்கே ஜோலார்பேட்டைக்கு ஏறி, அங்கிருந்து கிழக்கே திரும்பி, ஆம்பூர், காட்பாடி, அரக்கோணம் வழியாக வருகிறது. அதனால்தான் கூடுதலாக 70 கிலோமீட்டர். 1862-ல் சென்னையிலிருந்து மலபார் கரைக்கு இருப்புப்பாதை போட்டு முடித்தவர்கள் சேலம் வழியாகத்தான் போட்டார்கள். அன்று வெட்டிய அதே தடத்தில்தான் இன்றைக்கும் வண்டி ஓடுகிறது.

சேலத்துக்கு வந்துபோகும் விமானம் ஏ.டி.ஆர். என்ற சிறிய ரகம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி சுழலும். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஆசனங்கள். மேலே போய்ச் சமமாகப் பறக்கும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். அப்படியானால் 265 கிலோமீட்டரை அரை மணி நேரத்தில் முடித்துவிட வேண்டாமா? டிக்கட்டில் மட்டும் ஏன் ஒரு மணி, ஒரு மணி பத்து நிமிஷம் என்று போடுகிறார்கள்?

ஏமாற்று ஒன்றும் இல்லை. பஞ்சாலையில் மெஷின் ஓட்டுகிற தோழருக்கு இது உடனே புரியும். சுவிட்சைப் போட்டவுடன் கதிர் முழு வேகத்தில் சுற்றுவதில்லை அல்லவா? விமானமும் அப்படித்தான். கதவைச் சாத்திய பிறகு ஓடுபாதையின் தலைப்புக்கு ஊர்ந்து போக வேண்டும். ஏறும்போது முழு வேகம் கிடையாது. ஏறி முடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பிக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் எத்தனையோ ஊர்களிலிருந்து பெரிய விமானங்கள் வரிசையில் வந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு இடையில் இடைவெளி கிடைக்கும்வரை வேகத்தைக் குறைத்தோ வளைந்தோ காத்திருக்க வேண்டும். நேர்கோட்டில் இறங்கவும் முடியாது. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்குத் திரும்பித்தான் இறங்க வேண்டும். தூரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு இந்த ஏற்ற இறக்கச் செலவு நேரத்தைத் தின்றுவிடும். டெல்லிக்குப் போகிறவருக்கு விமானம் உண்மையாகவே ஒரு நாளுக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. சேலத்துக்குப் போகிறவர் கதை வேறு.

வீட்டு வாசற்படியிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலம் டவுனிலிருந்து காமலாபுரம் போக நாற்பது நிமிஷம். பெட்டி ஒப்படைக்கும் இடத்தை விமானம் கிளம்ப ஒரு மணி இருக்கும்போதே மூடிவிடுவார்கள். ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். ஆகாயத்திலும் ஓடுபாதையிலுமாக ஒரு மணி பத்து நிமிஷம். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டி வந்து, வெளியே வர அரை மணி. அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் வந்து சேர முக்கால் மணி. மொத்தம் நாலரை மணி நேரத்துக்குக் குறையவில்லை!

ஆத்தூர்க்காரர் நிலைமை இன்னும் வேடிக்கை. ஆத்தூர் சேலத்துக்குக் கிழக்கே, சென்னை ரோட்டிலேயே இருக்கிறது. அங்கிருந்து விமானத்தில் சென்னை போக வேண்டுமானால், சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுமார் 70 கிலோமீட்டர் மேற்கே போய் ஏற வேண்டும். நாளுக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான் சர்வீஸ் என்பதால், நமக்குச் சௌகரியமான நேரத்தில் போகவும் முடியாது. அதற்குச் சௌகரியமான நேரத்தில்தான் போக வேண்டும்.

இனி ரயிலைப் பார்ப்போம். சாதாரண எக்ஸ்பிரஸ் வண்டி சேலத்திலிருந்து சென்ட்ரலுக்கு ஐந்து மணி நேரம் எடுக்கிறது. ஆனால் 2023 ஏப்ரல் 8 முதல் கோயம்புத்தூர் – சென்னை ‘வந்தே பாரத்’ ஓடுகிறது அல்லவா? அது சேலத்துக்கும் சென்ட்ரலுக்கும் இடையே எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் மூன்றரை மணி. ஆம், மூன்றரை மணி! விமானத்தில் கிளம்பியவர் சென்ட்ரலுக்கு வந்து சேருவதற்குள் இவர் காப்பி சாப்பிட்டு முடித்திருப்பார்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. சேலத்தையும் சென்னையையும் மூன்றரை மணி நேரத்தில் இணைக்கும் வழி இன்று தேட வேண்டியதில்லை. தண்டவாளம் கிடக்கிறது. மின்சாரக் கம்பி கிடக்கிறது. ரயில்வே பொதுச் சொத்து. பெட்டி செய்யும் தொழிற்சாலை சென்னைப் பெரம்பூரிலேயே இருக்கிறது. அந்த ‘வந்தே பாரத்’ வண்டியைப் பெற்றதே பெரம்பூர்த் தொழிலாளிகளின் கைதான். வேகம் முடியாத காரியமல்ல என்பது தினமும் நம் கண் முன்னால் நிரூபணமாகிறது. ஆனால் அந்த வேக வண்டியில் ஒரு பொதுப் பெட்டி உண்டா? கிடையாது. எல்லாம் ஏ.சி. நாற்காலிப் பெட்டி. சாதாரணப் பெட்டிக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு கொடுத்தால்தான் வேகம். கொடுக்க முடியாதவனுக்கு ஐந்து மணி நேரம். அதுவும் பொதுப் பெட்டியின் கதவோரத்தில் ஒரு காலில் நின்றுகொண்டு. வேக வண்டிக்கு வழி விடுவதற்காகச் சாதாரண வண்டியை ஸ்டேஷனில் ஒதுக்கி நிறுத்துவதையும் நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? ஏழையின் கால் மணி நேரத்தை எடுத்துத்தான் வசதியுள்ளவரின் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறார்கள்.

பல எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பொதுப் பெட்டி இரண்டு என்ற நிலை வந்து, ஜனங்கள் ஜன்னல் வழியாக ஏறும் காட்சி நாடு முழுவதும் சிரிப்பாய்ச் சிரித்த பிறகு, 2024-ல் பொதுப் பெட்டிகளைக் கூட்டப்போவதாக ரயில்வேயே அறிவிக்க நேர்ந்தது. ஒரு பொதுப் பெட்டியில் சுமார் நூறு பேர் உட்காரலாம். ஏறுகிறவர்கள் அதற்கு மேல் இரண்டு மடங்கு. அதாவது கூடுதலாக ஒரே ஒரு பெட்டியைக் கோத்தால், சேலத்து விமானம் முழுவதும் நிறைந்து போனாலும் ஏற்றக்கூடிய ஆட்களைவிட அதிகம் பேர் போகலாம். இதற்கு ஓடுபாதை வேண்டாம். ஒருவர் நிலத்தையும் பிடுங்க வேண்டாம்.

ரயிலில் பொதுப் பெட்டி டிக்கட் இருநூறு ரூபாயைத் தாண்டாது. விமான டிக்கட்?

2016 அக்டோபரில் மத்திய சர்க்கார் ‘உடான்’ என்று ஒரு திட்டத்தை வெளியிட்டது. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் திட்டம். 2017 ஏப்ரல் 27-ல் சிம்லாவிலிருந்து முதல் விமானத்தைப் பிரதமர் அனுப்பிவைத்தார். ரப்பர் செருப்புப் போட்டவனும் விமானத்தில் ஏறவேண்டும் என்பதே தன் ஆசை என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. சுமார் 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்றும் விதித்தார்கள். ஆனால் எல்லா ஆசனங்களுக்கும் அல்ல, பாதி ஆசனங்களுக்குத்தான். மறு பாதியைக் கம்பெனி தன் இஷ்டம்போல் விற்கலாம்.

2025–26 ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் சர்க்கார் நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். பல பஞ்சாயத்துகளில் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு என்பது வேலைக்குப் போன பெண்களுக்குத் தெரியும். முழுக் கூலியும் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். 2,500 ரூபாய்க்கு ஏழரை நாள் மண் சுமக்க வேண்டும். போக ஏழரை நாள், திரும்பி வர ஏழரை நாள். ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குப் பதினைந்து நாள் வேலை! ரப்பர் செருப்புக்காரர் விமானத்தில் ஏறலாம்; ஆனால் அந்த மாதம் அவர் வீட்டில் பாதி நாள் அடுப்பு எரியாது.

அந்த 2,500 ரூபாய் வரம்புக்கும் என்ன கதி வந்தது? 2025 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனியான இண்டிகோ ஆயிரக்கணக்கான சர்வீஸ்களை ரத்து செய்தது. காரணம் என்ன? விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணிக்குப் பதில் 48 மணி கொடுக்க வேண்டும், இரவில் அதிக தடவை இறங்கச் சொல்லக்கூடாது என்று புதிய விதி வந்தது. தூக்கம் கெட்ட விமானி ஓட்டினால் விமானத்துக்கு ஆபத்து என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். விதி வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருந்தும் கம்பெனி அதற்கேற்ப ஆள் வைத்துக்கொள்ளவில்லை. ஜனங்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். பாக்கியிருந்த ஆசனங்களுக்கு விலை கண்டபடி ஏறியது. அப்போது சர்க்கார் தலையிட்டு ஒரு உச்ச வரம்பு போட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்! இதுவே ஜனங்களுக்குச் செய்த நிவாரணம் என்று சொல்லப்பட்டது. அதே கூலிக் கணக்கில் 22 நாள் வேலை. இன்னொரு சலுகையையும் சர்க்கார் கொடுத்தது, அது கம்பெனிக்கு: விமானிகளின் இரவு வேலை விதியிலிருந்து தற்காலிக விலக்கு. ஆள் எடுக்காதது முதலாளி. ஓய்வை இழக்க வேண்டியது தொழிலாளி. பஞ்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கும் நமக்கு இது புதிய பாடமல்ல. விமானி கோட்டுப் போட்டிருக்கிறார், நாம் பனியனோடு நிற்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

காலம் பொன்னானது என்கிறார்கள். யாருடைய காலம்? 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றதால் மே தினத்தன்று அதை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்கள். தொழிலாளியிடமிருந்து நாளுக்கு நான்கு மணி நேரம் கூடுதலாக எடுக்கலாம் என்று நினைத்த அதே நாட்களில்தான், வசதியுள்ள பிரயாணிக்கு ஒரு மணி நேரம் மிச்சப்படுத்துவதற்காகக் கோடிக் கணக்கில் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மானியம் என்றால் எப்படி? உடான் திட்டத்தில் கம்பெனிக்கு என்னென்ன உண்டு என்று பட்டியல் பார்த்தால் கல்யாணச் சீர் தோற்றுப்போகும். டிக்கட் வருமானம் போதாமல் துண்டு விழுந்தால் மூன்று வருஷம் அந்தத் துண்டை ஈடுகட்டப் பணம். அதில் பெரும் பகுதி, பெரிய ஊர்களுக்கிடையே பறக்கும் விமானங்கள்மீது போட்ட தீர்வையிலிருந்து. 20 சதவீதம் ராஜ்ய சர்க்காரின் கஜானாவிலிருந்து. சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் நாம் கொடுக்கும் வரி போய்ச் சேரும் கஜானா அதுதான். இறங்கும் கட்டணம் இல்லை, நிறுத்தும் கட்டணம் இல்லை. விமானப் பெட்ரோலுக்கு ராஜ்ய வரி 1 சதவீதம். நம் தோழர் மில்லுக்கு ஓட்டிப் போகும் மொபட் வண்டியின் பெட்ரோலுக்கு இந்தத் தயவு கிடைக்குமா? போலீஸ் காவல், தீயணைப்பு இலவசம். மூன்று வருஷத்துக்கு அந்தத் தடத்தில் போட்டிக்கு வேறு கம்பெனி வராது என்ற உறுதி. எல்லாவற்றுக்கும் மேலாக, விமான நிலையத்துக்கு வேண்டிய நிலத்தை ராஜ்ய சர்க்கார் இலவசமாகத் தரவேண்டும்.

இவ்வளவும் கொடுத்துக் கிடைத்தது என்ன? நாம் சொன்னால் எதிர்க்கட்சிப் பிரசாரம் என்பார்கள். சர்க்காரின் சொந்தக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2023-ல் பார்லிமெண்டில் வைத்த அறிக்கையைப் பார்ப்போம். முதல் மூன்று சுற்றுகளில் 774 தடங்கள் கொடுக்கப்பட்டன. அதில் 403 தடங்களில் ஒரு விமானம்கூடக் கிளம்பவில்லை. கிளம்பிய 371-ல் மூன்று வருஷத்தை முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. நூற்றுக்கு ஏழு! நூறு நாற்று நட்டு ஏழு பிழைத்தால் எந்த மிராசுதாரராவது நட்ட பெண்களைச் சும்மா விடுவாரா? நம் ராஜ்யத்தில் நெய்வேலி, வேலூர் என்று பெயர் அறிவித்தார்கள். 2024 முடியும் வரை அங்கே ஒரு பிரயாணியும் ஏறவில்லை.

சேலத்தின் கதையும் இதில் அடக்கம். 1993-ல் திறந்த நிலையம் அது. வந்த தனியார் கம்பெனி சீக்கிரமே கடையைக் கட்டியது. பிறகு நிலையம் ஆடு மேய்கிற வெளியாகவே பல காலம் கிடந்தது. 2018 மார்ச் 25-ல் உடான் மானியத்தோடு ‘ட்ரூஜெட்’ கம்பெனி சென்னைக்கு விமானம் விட்டது. மானியக் காலம் மூன்று வருஷம். 2021-ல் சர்வீஸ் நின்றது. கொரோனாவும் ஒரு காரணம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் கொரோனா போன பிறகும் இரண்டு வருஷம் ஒன்றும் வரவில்லையே? 2023 அக்டோபரில்தான் வேறு கம்பெனிகள் வந்து பெங்களூர், கொச்சி, சென்னை, ஹைதராபாத் என்று மறுபடி தொடங்கின. கம்பெனி வரும், போகும். நஷ்டம் என்றால் மறு நாளே போகும். போக முடியாமல் அங்கேயே கிடப்பவர்கள் காமலாபுரத்து ஜனங்கள்.

அவர்கள் கதைக்கு வருவோம். இப்போதுள்ள ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர். சிறிய விமானத்துக்கு அது போதும். பெரிய ஜெட் விமானம் இறங்க வேண்டும் என்று சொல்லி, காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி ஆகிய கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் நிலத்தை எடுக்கத் திட்டம் போட்டார்கள். 2018-லிருந்து அந்த ஊர்களில் மனுவும் மறியலும் கறுப்புக் கொடியுமாக எதிர்ப்பு நடந்தது. கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, தலைமுறையாகப் பண்படுத்திய நிலம். அதே ஆண்டில்தான் சேலம் – சென்னை எட்டு வழிச் சாலை என்ற இன்னொரு இடியும் விழுந்தது. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். ஐந்து ஜில்லாக்களின் வயலிலும் மலையடிவாரத்திலும் அளவுக் கல் நட்டார்கள். அங்கேயும் இதே பல்லவி: பிரயாண நேரம் பாதியாகக் குறையும்! கல்லைக் கட்டிப்பிடித்து அழுத பெண்களைப் போலீஸ் தூக்கிப்போனதை நாடே பார்த்தது. 2019 ஏப்ரல் 8-ல் சென்னை ஹைகோர்ட் நிலம் எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட் மீண்டும் முறைப்படி தொடங்கலாம் என்று வழி விட்டது. கோர்ட்டில் என்ன நடந்தாலும், விவசாயிகள் வயலை விட்டு அசையாததால்தான் சாலை காகிதத்தில் நின்றது.

நிலத்துக்குச் சொந்தக்காரர் பட்டா காட்டிப் பணம் கேட்கலாம். அந்த நிலத்தில் களை எடுத்து, கடலை பறித்து, பூப் பறித்துப் பிழைக்கும் கூலிக்காரர் எதைக் காட்டுவார்? இதை நம் விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். 2013-ல் வந்த நிலம் எடுப்புச் சட்டத்தில், நிலம் இல்லாவிட்டாலும், எடுக்கப்படும் பகுதியில் மூன்று வருஷமாக வேலை செய்து அதையே முக்கிய ஜீவனமாகக் கொண்ட விவசாயத் தொழிலாளியும் குத்தகைதாரரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று எழுதியிருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது. அதிகாரியின் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஊரில் யார் யார் எந்தத் தோட்டத்தில் எத்தனை வருஷமாக வேலை செய்கிறார்கள் என்ற பட்டியலைச் சங்கமே இப்போது எடுத்து, கிராமசபையில் தீர்மானமாகப் பதிந்துவைக்க வேண்டும். அளவுக் கல் வந்த பிறகு எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

இவ்வளவும் சொல்வதால் நாம் விமானத்துக்கு விரோதிகள் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். மனிதன் ஆகாயத்தில் பறப்பது உழைப்பின் வெற்றி. அவசர மருந்தைக் கொண்டுபோக, வெள்ளத்தில் சிக்கிய ஊருக்கு உதவ, கடலுக்கு அப்பாலும் மலைக்கு அப்பாலும் இருக்கும் ஊர்களை இணைக்க விமானம் அவசியம். அந்தமானுக்கும் லடாக்குக்கும் மானியம் கொடுத்து விமானம் விடுவதில் நியாயம் இருக்கிறது. அங்கே இருப்புப்பாதை போய்ச் சேரவில்லை. சேலத்துக்கு என்ன குறை? 1953-ல் நஷ்டத்தில் தத்தளித்த எட்டு விமானக் கம்பெனிகளைத் தேசியமயமாக்கித்தான் இந்தியன் ஏர்லைன்ஸ் உண்டானது. அந்தப் பொதுச் சொத்தை வளர்த்திருந்தால் இன்று கம்பெனிக்காரர்களின் வாசலில் மானியத் தட்டோடு நிற்க வேண்டியிருக்காது. 2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியாவை டாட்டாவிடம் கொடுத்தார்கள். விலை 18,000 கோடி என்றார்கள். அதில் ரொக்கம் 2,700 கோடி. மிச்சம் கடனை ஏற்றுக்கொண்ட கணக்கு. பொதுக் கம்பெனி வேண்டாம், தனியாருக்கு மட்டும் பொதுப் பணம் வேண்டும்! இது எந்த ஊர் நியாயம்?

ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளியும், சேலத்து நூல் மில் பெண்ணும் சென்னைக்கு எதற்குப் போகிறார்கள்? பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்க, ஹைகோர்ட்டில் வழக்கைக் கவனிக்க, கட்டட வேலைக்குப் போன மகனைத் தேட. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. காலையில் போய் இரவு திரும்பிவிட முடிந்தால் அந்தக் கூலி ஒரு நாளோடு நிற்கும். இப்போது ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுவதும் விழித்துக்கொண்டு போய், பகல் முழுவதும் அலைந்து, மறுபடி ராத்திரி விழித்து வந்து, மறு நாள் மெஷின் முன்னால் நிற்கிறார்கள். கண் அசந்தால் விரல் போகும். பிரயாண நேரம் குறைய வேண்டிய அவசியம் இவர்களைவிட யாருக்கு இருக்கிறது?

ஆகவே சேலத்திலும் சென்னையிலும் உள்ள ரயில்வே அதிகாரிகளிடமும், மந்திரிகளிடமும், இந்தப் பகுதி பார்லிமெண்ட் மெம்பர்களிடமும் நாம் கேட்பது இது. சேலம் – சென்னை இடையே காலையிலும் மாலையிலும், ‘வந்தே பாரத்’ ஓடும் அதே நேரக் கணக்கில், முழுக்கப் பொதுப் பெட்டிகள் கொண்ட ஒரு பகல் வண்டி விடுங்கள். ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் வழியாகச் சென்னை எழும்பூருக்குப் போகும் பாதையிலும் அதேபோல் ஒரு பகல் வண்டி விடுங்கள். ஆத்தூர்க்காரர் சேலத்துக்கு வந்து திரும்ப வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய முதியோர் கட்டணச் சலுகையை முழுமையாகத் திருப்பிக் கொடுங்கள். காமலாபுரத்து ஓடுபாதை இப்போதுள்ள நீளத்தில் இருக்கட்டும். அதில் வரும் விமானம் வரட்டும். 570 ஏக்கர் திட்டத்தைக் கைவிடுவதாக எழுத்து மூலம் அறிவியுங்கள். மானியம் வாங்கிய ஒவ்வொரு கம்பெனியும் சேலம் தடத்தில் எத்தனை நாள் பறந்தது, எத்தனை ஆசனம் காலியாகப் போனது, எவ்வளவு பணம் பெற்றது என்ற கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஓமலூர் தாலுகா ஆபீஸ் பலகையில் ஒட்டுங்கள். பணம் கொடுத்தவர்கள் படித்துப் பார்க்கட்டும்.